வெள்ளைக் கோடுகள் மேல் பிலோமினா நடந்தாள்

என் மனைவி பிலோமினா எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றுவிடுவாள். கூடத்தில் மெதுவாக நடந்து வருவாள், வாசற்படி வந்ததும் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. யாரோ கீழே இருந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டது போல இருக்கிறது என்பாள். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை தாண்டிய படி அது.

என் பெயர் சவரிமுத்து. அரியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். திருபுவனையில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினேன். நான் எழுதிப் பழக்கப்பட்டவன் இல்லை. பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் நான் சொன்னதைக் கேட்ட பங்குச் சாமியார், இதை எழுதிக் கொடுங்கள், படிக்கிறவர்களுக்குத் தைரியம் வரும் என்று சொன்னார். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிலோமினா தையல்காரி. எங்கள் தெருவிலும் பக்கத்து ஊரிலும் அவள் கையால் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்ளாத பெண்கள் குறைவு. ஐந்து வருஷத்துக்கு முந்தின தவக்காலத்தில்தான் நோய் தலைகாட்டியது. அப்போது அது நோய் என்று தெரியவில்லை. அவள் தைத்த ரவிக்கை ஒன்று திரும்பி வந்தது, கழுத்துப் பட்டி கோணலாக இருக்கிறது என்று. பிறகு இன்னொன்று. அடுப்பில் கருவாடு தீய்ந்து வீடெல்லாம் புகை, அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், வாசனை தெரியவில்லை என்கிறாள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலைக்கும் எல்லோரும் முழங்காலிட்டு எழுந்தார்கள். ஏழாவது நிலையில் பிலோமினா எழவில்லை. பக்திமிகுதி என்று நினைத்தேன். கிட்டப் போனபோது, "ஸ்டெல்லா அப்பா, கொஞ்சம் தூக்கி வுடுங்க. கால் எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். ஸ்டெல்லா எங்கள் ஒரே மகள். பாகூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

நான்கு மாதம் வாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நரம்பு டாக்டரம்மா அவளை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பிலோமினா தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்து பெரிசாக, போகப் போக எறும்பு மாதிரி சிறுத்துப்போனது. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், இது பார்க்கின்சன் நோய், மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், குணமாகாது, வருஷம் போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று. அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்துப்போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிலோமினா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர் தாண்டியதும், "நோவு வந்துதான் வந்துச்சு, வாயில நுழையற பேரா வந்திருக்கக் கூடாதா" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு நாங்கள் செய்யாத ஜெபம் இல்லை. ஒன்பது சனிக்கிழமை மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். உபவாசம் இருந்தேன். யார் எந்த ஊரில் ஜெபக்கூட்டம் என்றாலும் அவளைக் கூட்டிப் போனேன். ஒரு கூட்டத்தில் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அன்று சாயங்காலம் விறுவிறுவென்று நடந்தாள். எல்லோரும் கைதட்டி ஆண்டவரைத் துதித்தார்கள். நான் மண்ணில் விழுந்து அழுதேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து அவளால் புரளக்கூட முடியவில்லை.

அந்தக் காலையில் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. வீட்டில் குடும்ப ஜெபம் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், உதடு அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிலோமினா மட்டும் தினமும் ஏழு மணிக்குத் தனியாக ஜெபமாலை சொல்வாள். அவள் குரலும் நோயில் சிறுத்துவிட்டிருந்தது. பக்கத்து அறையில் இருந்தால்கூடக் கேட்காது. நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னும் மோசமானது இருக்கிறது. நோய் தெரிந்த அடுத்த வருஷம், மாதா பிறந்தநாள் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம். காலை ஷிப்ட். கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹார்ன் அடிக்கிறது. எங்கள் வீட்டில் குளியலறை பின்கட்டில் இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் அவளை அங்கே கூட்டிப் போய் விட்டு, திரும்ப உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன். அன்று பின்வாசல் படியில் நின்றுவிட்டாள். "வா" என்றேன். "வரேன், இருங்க" என்றாள். வேன் மறுபடியும் ஹார்ன் அடித்தது. "நடிக்கிறியா? கட்டில்ல இருந்து இதுவரைக்கும் வந்த கால் இங்க மட்டும் இன்னாத்துக்கு நிக்குது?" என்று கத்தினேன். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

உடம்பு வந்தது, கால் வரவில்லை. சிமெண்ட் படியில் முகம் குப்புற விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோனது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். "இன்னாக்கா ஆச்சு?" என்று தூக்கினார்கள். நெற்றியில் ரத்தம். பிலோமினா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "வழுக்கி வுழுந்துட்டேன். அவரு புடிக்கத்தான் ஓடியாந்தாரு."

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஸ்டெல்லா பாகூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தாள். அவளிடமும் பிலோமினா அதையேதான் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நாட்களில் ஒரு தடவை, இவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கும் நல்லது எனக்கும் நல்லது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று பயந்துபோனேன்.

திருவிழா முடிந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமியார் நீளமாகப் புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார். அவளுக்கே தெரியும் சாமி என்றேன். "தெரியும். நீங்க சொன்னீங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். பிலோமினா ஏழு மணி ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையில் மணியை உருட்ட வராமல் திணறிக்கொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். நான்தான் இழுத்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு, அழுகை எதுவும் சட்டென்று தெரியாது. நோய் முகத்தையும் இறுக்கிவிடும். கண் மட்டும்தான் பேசும்.

"கை கூடிடும், ஸ்டெல்லா அப்பா" என்றாள். "நீங்க எங்கூடப் பேசறதில்ல, எங்கூட ஜெபம் சொல்றதில்ல. நான் ஒண்டியா சொல்லிகினு கீறேன். அதான் எனக்குத் தாங்க ஆவல."

அன்று வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். மணியை நான் உருட்டினேன். கடைசியில் அவள் தன் சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம் சொன்னாள். காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டேன். "ஆண்டவரே, இந்த நோவ எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. அடுத்த அடிய எப்பிடி எடுத்து வைக்கிறதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு."

அதுவரை நான் ஆண்டவரிடம் கேட்டது பெரிய விஷயம். அவள் கேட்டது ஒரு அடி. நான் ஆமென் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னோம். ஆறு வாரம் தினமும் அதையே சொன்னோம்.

கட்டுப் பிரிக்க வேண்டிய நாள் வந்தது. கல்லறைத் திருவிழாவுக்கு முந்தின வாரம். வழக்கமாக மருமகன் கார் கொண்டுவருவார். அன்று அவரால் வர முடியவில்லை. மழை விட்டிருந்தது, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று பிலோமினாதான் சொன்னாள். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அவள் கொஞ்சம் நன்றாக நடப்பாள். அந்த நேரம் பார்த்துக் கிளம்பினோம். ஆனால் பஸ் வர நேரமாகிவிட்டது. நாங்கள் போய் இறங்கும்போது மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

பஸ் எங்களை ரோட்டின் இந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். விழுப்புரம் போகிற ரோடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கரும்பு லோடு, கம்பெனி பஸ், சர் சர்ரென்று கார். ரோட்டோரத்தில் வந்து நின்றோம். பிலோமினாவின் கால் நின்றுவிட்டது.

இங்கேயே நின்றாலும் ஆபத்து, நடு ரோட்டில் போய் நின்றுவிட்டால் அதைவிட ஆபத்து. தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது. இழுக்க மாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமலே, அவள் ஜெபத்தைத்தான் சொன்னேன். அடுத்த அடி, ஆண்டவரே. அடுத்த அடி. வேறு வார்த்தை வரவில்லை.

அந்த இடத்தில் நடந்து கடப்பதற்கு வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். அந்த வாரம்தான் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மழை கழுவிவிட்டதில் கறுப்பு ரோட்டின் மேல் பளிச்சென்று இருந்தன. போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் கார்டு ஒருவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். "வாங்க, வாங்க, சீக்கிரம்" என்று எங்களைக் கூப்பிட்டார்.

பிலோமினா தலை குனிந்து முதல் கோட்டைப் பார்த்தாள். வலது கால் எழுந்தது. நன்றாக, முழங்கால் மடங்கி எழுந்தது. கோட்டின் மேல் வைத்தாள். இடது கால் எழுந்து அடுத்த கோட்டுக்குப் போனது. அடுத்தது. அடுத்தது. நான் அவளைப் பிடித்திருந்த கை நழுவிப்போனது. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் வயல் வரப்பில் எனக்கு முன்னால் எப்படி நடந்து போவாளோ அப்படி. நடுவில் தடுப்புச் சுவரில் ஆள் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். அங்கே கோடு இல்லை. ஒரு கணம் நின்றாள். அந்தப் பக்கத்து முதல் கோட்டைக் கண்ணால் பிடித்தாள். தாண்டினாள். மீதி ரோட்டையும் கடந்தாள்.

அந்தக் கரையில் சரளை மண். கோடு முடிந்துவிட்டது. கால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "பிலோமி, இன்னா பண்ண நீ?" என்றேன்.

"தெரியல" என்றாள். "அந்தக் கோடு இருந்துகினே இருந்தா நா போய்கினே இருப்பேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவள் சொன்னாள். "இன்னொருக்கா போலாமா?"

சகோதர சகோதரிகளே, நாங்கள் மறுபடியும் அந்த ரோட்டைக் கடந்தோம். ஆஸ்பத்திரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, வந்த பக்கமே போனோம். கோட்டைப் பார்த்ததும் கால் எழுந்தது. பஸ் இறங்கிய கரையில் திரும்பி, மூன்றாவது தடவை கடக்க நின்றபோது ஹோம் கார்டு கிட்டே வந்தார். "இன்னா பெரியவரே, வெளையாடறீங்களா? எந்தப் பக்கந்தான் போவணும்?" என்று கேட்டார். நான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவளுக்கு இப்படி நோய், வீட்டில் நிலைப்படி தாண்ட முடியாது, இந்தக் கோட்டின் மேல் நடக்கிறாள் என்று. அவர் பிலோமினாவின் காலைப் பார்த்தார். பிறகு நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். இரண்டு பக்கமும் வண்டி நின்றது. "நடங்கம்மா. மெதுவா நடங்க. நா பாத்துக்கறேன்" என்றார்.

மூன்றாவது தடவை நான் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் பார்க்க முடியாதபடி கண் நிறைந்திருந்தது. நிறுத்தியிருந்த ஒரு லாரியின் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கட்டுப் பிரித்த பிறகு உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம்பெண். நடந்ததை நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் சிரித்தாள். தரையில் வெள்ளை டேப் ஒட்டி பிலோமினாவை நடக்கவைத்தாள். நடந்தாள். டேப்பை உரித்ததும் நின்றாள். அந்தப் பெண் எனக்குப் புரியும்படி சொன்னாள்.

"இது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயந்தான் ஐயா. நாம யோசிக்காம நடக்குறோம்ல, மூளையில அந்த வழி இவங்களுக்கு அடைச்சிப் போச்சு. கண்ணால ஒன்னப் பாத்து, இதத் தாண்டணும்னு வைக்கிற அடிக்கு வேற வழி. அது தொறந்திருக்கு. எல்லாருக்கும் இது கேக்காது. அம்மாவுக்குக் கேக்குது."

அது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றால் நான் ஏன் இதைச் சாட்சி என்று சொல்கிறேன் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நானும் யோசித்தேன். என் மூளைக்கு எட்டிய அளவில் சொல்கிறேன். நான் இருபத்தைந்து வருஷம் மெஷினில் நின்றவன். ஒரு பாகம் கெட்டுப்போனால் மெஷின் நின்றுவிடும். கெட்டுப்போனால் உதவட்டும் என்று இன்னொரு வழியை உள்ளேயே வைத்துச் செய்த மெஷினை நான் பார்த்ததில்லை. ஆண்டவர் என் மனைவியைத் தாய் வயிற்றில் உருவாக்கியபோதே அந்த இரண்டாவது வழியை வைத்திருக்கிறார். ஐம்பது வருஷம் அது அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் கேட்டபோது திறந்து காட்டினார். மருமகன் வர முடியாமல் போனது, பஸ் தாமதமானது, அந்த வாரம் யாரோ பெயிண்ட் அடித்தது, இதெல்லாம் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பயம் போலவும் இருக்கும், சந்தோஷம் போலவும் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலிலிருந்து பின்வாசல் வரை சுண்ணாம்பால் கோடு போட்டேன். முதலில் நெருக்கிப் போட்டுவிட்டேன். கோழி நடை நடந்தாள். அழித்துவிட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டேன். "நா இன்னா வாய்க்காலா தாண்டறேன்?" என்றாள். அவளுடைய தையல் டேப்பை எடுத்து, அவள் அடி வைக்க வைக்க அளந்து, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு என்று கண்டுபிடித்தேன். பிறகு வெள்ளைப் பெயிண்ட். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடுப்படி, குளியலறை, வாசல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சவரி, இன்னா வூட்டுக்குள்ள ரோடு போடற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிலோமினா அந்த ரோட்டில் நடந்து போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். பாதி சிந்திப்போயிருந்தது. அவர் மீதியைச் சொட்டு விடாமல் குடித்தார்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு வருஷமாகச் சாமியார்தான் அவள் பெஞ்சுக்கு வந்து நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துக்கொண்டிருந்தார். பீடம் வரை தானே நடந்து போய் வாங்க வேண்டும் என்றாள். நான் தயங்கித் தயங்கிச் சாமியாரிடம் கேட்டேன். அவர் கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப் பேரவையில் வைத்தார். சந்தியாகு அண்ணன் எழுந்து, பீடத்துக்குப் போகிற பாதையில் இப்படிக் கோடு போட்டால் கோயில் மாதிரியா இருக்கும், ஒரு ஆளுக்காக இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியபோது முன்னால் நின்று வேலை பார்த்தவர் அவர். சாமியார், "பெயிண்ட் வேணாம். டேப் ஒட்டுவோம். வேணுங்கறப்ப ஒட்டி, வேணாங்கறப்ப எடுத்துடுவோம்" என்றார். அப்படியே முடிவானது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை. ஸ்டெல்லா முன்னதாகவே போய் டேப் ஒட்டியிருந்தாள். நன்மை நேரம் வந்தது. எல்லோரும் வாங்கித் திரும்பிய பிறகு பிலோமினா எழுந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன், தொடவில்லை. முதல் கோடு, இரண்டாவது கோடு. பாடகர் குழு ஒரு பாட்டை முடித்திருந்தது, அடுத்ததை ஆரம்பிக்கவில்லை. கோயில் முழுக்க அமைதி. அவள் வெறுங்கால் டைல்ஸில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாதி வழியில் ஒரு டேப்பின் முனை பெயர்ந்து சுருண்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கண் அந்தக் கோட்டை விட்டால் கால் நின்றுவிடும். அப்போது ஓரத்துப் பெஞ்சிலிருந்து சந்தியாகு அண்ணன் வந்து முழங்காலிட்டார். எழுபது வயசு மனிதர். சுருண்ட முனையை உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினார். அது மறுபடியும் பெயராமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிலோமினா தாண்டிப் போகிறவரை தலை குனிந்து அப்படியே இருந்தார்.

அவள் பீடத்தண்டை போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஆமென் என்றாள். அந்தச் சின்னக் குரல் அன்று கடைசிப் பெஞ்சு வரை கேட்டதாகப் பிறகு பலர் சொன்னார்கள்.

அது நடந்து வருஷம் மூன்றாகிறது. நான் உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், எழுதுகிறேன். நோய் போகவில்லை. டாக்டரம்மா சொன்னது போலவே கூடுகிறது. இப்போது சில நாள் கோடு இருந்தும் கால் வராது. தூரமான இடத்துக்குச் சக்கர நாற்காலிதான். சோறு விழுங்க நேரமாகிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதலில் கோணலாக வந்தது, "ரவிக்க கழுத்தே தேவல" என்றாள். மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறேன். ஒரு கவளம் இறங்குகிறவரை அடுத்த கவளத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கிறேன். ஒரு காலத்தில் வேன் ஹார்னுக்குப் பயந்தவன் நான். இப்போது என் வாழ்க்கையில் அவசரம் என்று ஒன்று இல்லை.

கோபக்காரன் சவரி என்று பெயர் எடுத்தவன். அந்தக் கோபம் எங்கே போனதென்று எனக்கே தெரியாது. நான் எடுத்துப் போடவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது. தெருவில் யார் நடந்து போனாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொருவரும் ஆண்டவர் செய்த அற்புதம்தான்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் படுக்கையோடு யாராவது இருப்பார்கள். சுகம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருக்கும். கேட்பதை நிறுத்தாதீர்கள். பெரிதாகக் கேட்க முடியவில்லையென்றால் சின்னதாகக் கேளுங்கள். தனியாகக் கேட்க முடியவில்லையென்றால் யார் மேல் கோபமாக இருக்கிறீர்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆண்டவர் தருவது நீங்கள் நினைத்த உருவத்தில் வராமல் போகலாம். தராமல் இருக்க மாட்டார். இதை என் மனைவியின் காலைப் பார்த்துச் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது வீட்டுக்கு வந்து ஜெபிக்க ஆள் வேண்டுமென்றால் சாமியாரிடம் சொல்லி அனுப்புங்கள். நானும் பிலோமினாவும் வருவோம். தெருமுனையிலிருந்து உங்கள் வாசல் வரை வர எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும். கதவைச் சாத்திவிடாதீர்கள். வந்துவிடுவோம்.